பைக்கு ஒரு இருக்கை

அவள் அழகு நிலையத்தில் முடிவெட்டுகிறவள். நாள் முழுக்க நின்றே செய்கிற வேலை. இரண்டு பிள்ளைகளோடு அக்காவைப் பார்க்க விமானத்தில் போகவேண்டும் என்றபோது, "பொறு, விலை இறங்கும்" என்றான் கணவன். இறங்கத்தான் செய்தது. விலையைப் பார்த்தவன் காலண்டரைப் பார்க்கவில்லை. அதற்குள் சின்னவளுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. விமான விதிப்படி இனி மடிக்குழந்தையாகக் கூட்டிப்போக முடியாது. தனி இருக்கை, ஏறக்குறைய முழுக் கட்டணம். மிச்சம் பிடித்தது கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாயிற்று.

விமானம் கிளம்பும்போது சின்னவளை நடு இருக்கையில் பெல்ட்டுக்குள் அடக்கி வைப்பதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பெல்ட் விளக்கு அணைந்ததோ இல்லையோ, சின்னது அவள் மடியில் ஏறித் தூங்கிவிட்டது. ஜன்னலோரம் பெரியவன் வாந்தி எடுத்தான். ஈரத்துணி, மாற்றுச் சட்டை எல்லாம் கைக்கு எட்டட்டும் என்று பையைச் சின்னவளின் இருக்கையில் வைத்தாள். கால் மரத்துப்போயிற்று.

பின்வரிசையிலிருந்து ஒருவர் வந்து, "இந்த சீட் காலிதானேம்மா? கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டார்.

"காலி இல்லைங்க," என்றாள் அவள். "வருஷம் பூரா நான் நின்னு சம்பாதிச்சதே, இந்தப் பை உக்காந்து போகத்தான்."