எட்டாம் வீட்டைத் தாண்டும்போது

விரலில் எச்சில் தொட்டு மாதாவின் மூக்கு நுனியைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள் சந்தனமேரி. அடுத்து பூந்துண்டால் நீல அங்கியை, விரித்த கைகளை, காலடியில் நசுங்கிக் கிடக்கும் பாம்பை. பாம்பைத் துடைக்கையில் மட்டும் கை கொஞ்சம் கூடுதலாக அழுந்தும். ஒன்றரை அடிச் சுரூபத்துக்கு அரைமணி நேரம். பெற்ற மகனுக்கு இப்படி ஒருநாளாவது முகம் துடைத்துவிட்டாளா என்று லயத்தில் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

தேவிகுளத்துக்கு மேலே, தேயிலைச் சரிவில் ஒரே கூரையின் கீழ் பதினான்கு வீடுகள் கொண்ட லயம். சாமியார் மாதத்துக்கு ஒருமுறை ஜீப்பில் வந்து பூசை வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் இங்கே திருச்சபை என்றால் சந்தனமேரிதான். ஐம்பத்தாறு வயது. பகலில் கொழுந்து கிள்ளும் விரல்கள் சாயங்காலம் ஜெபமாலை உருட்டும். தவக்காலத்தில் எந்த அடுப்பில் கறி வெந்தது என்று மூக்கை வைத்தே சொல்லுவாள். "ஆண்டவரு கண்ணுக்குத் தப்பினாலும் தப்பலாம், எங்கிட்ட நடக்காது" என்பாள். சிரிக்காமல் சொல்லுவாள்.

ஜெபமாலை மாதமான அக்டோபர் அவளுடைய மாதம். ஒவ்வொரு சாயங்காலமும் மாதா சுரூபம் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும். வாசல் கழுவி, மெழுகுவர்த்தி ஏற்றி, ஜெபமாலை சொல்லி, வந்தவர்களுக்கு அவலும் கட்டன் சாயாவும் கொடுப்பார்கள். எந்த நாளில் எந்த வீடு என்பதைச் சந்தனமேரிதான் சொல்வாள். ஏழாம் வீடு அவளுடையது. ஏழுக்கு அடுத்து ஒன்பது. இதைப் பதினொரு வருஷமாக யாரும் ஏனென்று கேட்டதில்லை. எட்டாம் வீட்டைத் தாண்டும்போது அந்தப் பூந்துண்டை எடுத்து மாதாவின் தலைமேல் போட்டு முகத்தை மூடிவிடுவாள். "பனி இறங்குது, மாதாவுக்கு ஆகாது" என்பாள். ஒன்பதாம் வீட்டு வாசலில் துண்டை எடுத்துவிடுவாள். அங்கே மட்டும் பனி இறங்காது போலிருக்கிறது.

எட்டாம் வீடு அவளுடைய ஒரே மகன் மிக்கேல்ராஜுக்குக் கம்பெனி ஒதுக்கியது. கீழ் டிவிஷனில் முருகனைக் கும்பிடுகிற குடும்பத்துப் பெண்ணான யோகப்பிரியாவை அவன் ரிஜிஸ்தர் கல்யாணம் செய்து கூட்டிவந்தான். "தலையில ஞானஸ்நானத் தண்ணி விழாதவ எனக்கு மருமவ கெடையாது" என்று சொன்னவள், சொன்ன சொல்லில் நின்றாள். அதில் அவளுக்குப் பெருமைகூட இருந்தது.

லயத்து வீடுகளுக்கு நடுச்சுவர் உண்டு, ஆனால் அது கூரை வரைக்கும் போகாது. மிக்கேல்ராஜுக்கு நெஞ்சில் நீர் கோத்துப் படுத்தபோது அந்த இருமல் முழுக்க இந்தப் பக்கம் வந்து விழுந்தது. சந்தனமேரி ஜெபமாலையின் குரலை உயர்த்தினாள். அவன் இருமினால் இவள் கத்துவாள். ஒரு சாயங்காலம் சுவரில் விரல் தட்டும் சத்தம் கேட்டது.

"எம்மா... எனக்கும் சேத்து ஒரு மணி சொல்லும்மா."

கேட்டது. நன்றாகவே கேட்டது. அவள் அடுத்த மணிக்கு நகர்ந்துவிட்டாள்.

இரண்டு அக்டோபர் அவன் அப்படியே கிடந்தான். இரண்டு தடவையும் மாதா முகத்தை மூடிக்கொண்டு ஒன்பதுக்குப் போனாள். ஜெபமாலைக்கு வந்த பெண்களில் ஒருத்தியும் எட்டாம் வீட்டுப் படி ஏறவில்லை. சந்தனமேரியின் வாய்க்குப் பயம். ஏறியவர்கள் கீழேயிருந்து வந்த பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள். கஞ்சி கொண்டுவந்தார்கள், முறை வைத்து உட்கார்ந்தார்கள், அவனுடைய பீத்துணியை அலசிப் போட்டார்கள். இரண்டாவது அக்டோபர் முடிந்த நாலாம் நாள் அவன் செத்தான். சந்தனமேரி குழியில் ஒரு பிடி மண் போட்டாள், மருமகள் நின்ற பக்கம் திரும்பாமல் வந்துவிட்டாள். யோகப்பிரியா அந்தச் சபையில் முங்கி எழுந்து ஞானஸ்நானம் வாங்கினாள்.

அதற்குப் பிறகு விடியற்காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபம் தொடங்கியது. "அல்லேலூயாக்காரி தொண்டையக் கிழிக்கா, மனுசி ஒறங்கவா வேணாமா" என்று சந்தனமேரி தண்ணீர்க் குழாயடியில் எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். திட்டுவதற்காகவே காது கொடுத்துக் கேட்கவும் செய்தாள். அப்படித்தான் ஒருநாள் அது காதில் விழுந்தது.

"ஆண்டவரே, எங்க அத்தைக்கு முட்டிவலி. ராத்திரியெல்லாம் மொனங்குறாங்க. அவுகளத் தொடுங்கப்பா."

முட்டிவலியை அவள் ஒருவரிடமும் சொன்னதில்லை. பாயில் உட்கார்ந்தபடி யோசித்தாள். என் முனகல் அங்கே கேட்கிறது. அப்படியானால் அன்றைக்கு நான் குரலை உயர்த்தியது அவனுக்கும் கேட்டிருக்கும். எதற்கென்று தெரிந்தே செத்திருக்கிறான். அன்று அவள் கொழுந்து கிள்ளப் போகவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

உடனே திருந்திவிட்டாள் என்றெல்லாம் நினைக்கவேண்டாம். குழாயடியில் திட்டுவதுதான் நின்றது. விடியற்காலையில் பாயைச் சுவரோரமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். பரலோக மந்திரத்தில், பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்கிற வரி வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். மற்றப் பெண்கள் சொல்லி முடிப்பார்கள். நாற்பது வருஷமாக யாரிடம் பேசிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்கே சந்தேகம் வந்தது. எதிரே ஒருவர் இருந்து இத்தனையையும் கேட்டிருப்பாரோ என்று முதன்முதலாகப் பயந்தாள். அந்தப் பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைக்கலாமா, சாமியாரிடம்தான் கேட்கவேண்டும்.

இந்த அக்டோபரில் ஏழாம் வீட்டு முறை முடிந்த மறுநாள் சாயங்காலம், சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு அவள் முன்னே நடந்தாள். பின்னால் பத்துப் பெண்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். எட்டாம் வீட்டு வாசலில் நின்றாள். பாட்டு பாதியில் அறுந்தது. கதவைத் தட்டினாள்.

யோகப்பிரியா ஈரக்கையோடு வந்து திறந்தாள்.

"மாதா வந்திருக்கா" என்றாள் சந்தனமேரி. பதினொரு வருஷத்தில் மருமகளிடம் பேசிய முதல் பேச்சு.

யோகப்பிரியா சுரூபத்தைப் பார்த்தாள், பிறகு மாமியாரைப் பார்த்தாள். "கோவிச்சுக்கிறாதீங்க அத்தை. எங்க சபையில சுரூபம் ஏத்துக்கிறதில்ல" என்றாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "அவுக கெடந்தப்ப ரெண்டு அக்டோபரும் வாசலக் கழுவி, மெழுகுவத்தி வாங்கி வச்சிட்டு உக்காந்திருந்தோம். துண்டப் போட்டு மூடிட்டுப் போனீக. அவுக சன்னல் வழியாப் பாத்துட்டுத்தான் இருந்தாக" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாதாவயே வேணாங்காளே, என்னா திமிரு" என்று பின்னால் யாரோ முணுமுணுத்தார்கள்.

"நீங்க மட்டும் வாங்க அத்தை" என்றாள் யோகப்பிரியா.

சந்தனமேரி திரும்பி, சுரூபத்தை ஒன்பதாம் வீட்டு ஜின்சியின் கையில் கொடுத்தாள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ஜின்சி பழக்கதோஷத்தில் பூந்துண்டை எடுத்து மாதாவின் தலைமேல் போட்டாள். சந்தனமேரி அதை வெடுக்கென்று உருவித் தன் தோளில் போட்டுக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி எட்டாம் வீட்டுப் படியில் ஏறினாள்.