சுதெகிச்சி கேட்ட புதுப் பெயர்

முரே ஊரில் கல்லறைக் கல் செதுக்குகிறவர்களில் சுதெகிச்சியின் எழுத்துக்குத் தனி மதிப்பு உண்டு. பதினைந்து வருடம் அவரோடு ஒரே கொட்டகையில் உளி பிடித்தவன் நான். ஊரார் பெயர்களை அத்தனை அழகாக வெட்டும் மனிதர், தன் பெயரை எழுத வேண்டி வந்தால் மட்டும் முகம் சுண்டிப்போவார்.

'சுதெ' என்றால் எறிந்தது. 'கிச்சி' என்றால் அதிர்ஷ்டம். பள்ளிக்கூடத்தில் முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். "ஏ எறிஞ்சது! குப்பை வண்டி வந்திருக்கு, ஏறிக்கோ!" பட்டாளத்திலும் அதே கேலிதான்.

மகள் ஃபுசாயேவுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. அழைப்பிதழில் தன் பெயர் அச்சாகுமே என்ற நினைப்பு அவரை அரித்தது. நீதிமன்றத்தில் பெயர் மாற்ற மனு கொடுத்துவிட்டார். புதுப் பெயர் ஹிசாவோ. நெடுநாள் வாழ்பவன் என்று பொருள்.

மறுநாள் மத்தியானம் அவர் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. அவருடைய தாயார் நவோ உதோன் நூடுல்ஸ் பரிமாறினார்.

"இனிமே என்னை ஹிசாவோன்னு கூப்பிடும்மா."

கிழவியின் கையிலிருந்த கிண்ணம் அப்படியே நின்றது. "அந்தப் பேரு வேணாம்டா."

"ஏன், வாயில நுழையலையா? எறிஞ்சதுன்னு வைக்க மட்டும் நுழைஞ்சுதோ?"

"அது உங்கண்ணன் பேரு."

தனக்கு அண்ணன் இருந்ததே அவருக்குத் தெரியாது.

"ஒருத்தன் இல்ல, மூணு பேரு. ஹிசாவோ இருபது நாள் இருந்தான். அடுத்தவன் சியோஜி. ஆயிரம் தலைமுறைன்னு அர்த்தம், ஒரு பனிக்காலம் தாண்டல. அப்புறம் கமேசோ. ஆமையாட்டம் ஆயுசு இருக்கட்டும்னு உங்கப்பா வெச்சாரு. பல்லு முளைக்கறதுக்குள்ள போயிட்டான். நல்ல பேரு வெச்சதாலதான் சாவு கண்ணு போட்டுதுன்னு பயந்துட்டோம். நீ பொறந்ததும் முறத்துல படுக்க வெச்சு, பாலத்துகிட்ட விட்டுட்டு வந்தேன். திரும்பிப் பாக்கக் கூடாது. நீ அழுதே. நான் பாக்கல."

"அப்புறம்?"

"சொல்லி வெச்சபடி மீன்காரி ஷிகே எடுத்துட்டு வந்து, 'வழியில கெடந்தான், வளக்கறீங்களா?'ன்னு குடுத்தா. யாரோ எறிஞ்ச புள்ளைன்னு சாவு நம்பணுமே. அதான் அந்தப் பேரு."

"இத்தனை வருஷமா ஏம்மா சொல்லல?"

"சொன்னா அதுக்குக் கேட்டுடுமேடா."

அவர் கிண்ணத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்.

இரண்டு நாள் கழித்து மனுவைத் திரும்பப் பெறப் போனபோது, குமாஸ்தா காரணம் கேட்டார். "நான் கேட்ட பேருக்கு ஏற்கெனவே ஆள் இருக்குங்க" என்றார் சுதெகிச்சி.

அழைப்பிதழ் பழைய பெயரிலேயே அச்சானது. விருந்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் சாகே போதையில், "யாருங்க உங்களை எறிஞ்சது?" என்று சிரித்தார். நான் பதறினேன். சுதெகிச்சி நிதானமாக, "எங்கம்மாதாங்க. அதோ உக்காந்திருக்காங்க" என்று காட்டி, அந்தத் திசையில் தலை தாழ்த்தினார். கேட்டவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

இலையுதிர் காலத்தில் முழங்கால் உயரக் கல் ஒன்றில் மூன்று பெயர்களையும் செதுக்கினார். யாரையும் உதவிக்கு விடவில்லை. கோயில் மயானத்தில் அதை நிறுத்திய காலையில் தாயாரை முதுகில் சுமந்து வந்தார். நவோவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

"இதுல ஹிசாவோ எதுடா?"

அவர் தாயின் விரலைப் பிடித்து முதல் எழுத்தின் மேல் வைத்தார்.