தடுக்கப்பட்ட பக்கங்கள்

கண்ட குப்பையும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று லேத் பட்டறைக்காரர் தானே இணைய ரவுட்டரில் வடிகட்டி போட்டிருந்தார். அந்த மிதப்பு அவருக்கு ஒரு வருஷமாக இறங்கவில்லை.

"அப்பா, நீங்க அனுமதி குடுத்தும் காலேஜ் தளம் பாதியிலயே நிக்குது," என்றாள் மகள்.

தளத்தின் முகப்பைத் திறந்துவிட்டால் போதாது, கடவுச்சொல் போட்டு உள்ளே நுழையும் பக்கம் வேறு முகவரியிலிருந்து வரும் என்பது அப்போதுதான் உறைத்தது. அதைத் தேடி, தடுக்கப்பட்ட பக்கங்களின் பட்டியலைத் திறந்தார்.

மகளுடையது கிடைத்தது. அதன் கீழே மனைவியின் போன். மார்பில் வரும் கட்டி பற்றிய மருத்துவப் பக்கத்தை ஒரே மாதத்தில் ஒன்பது முறை திறக்கப் பார்த்திருந்தாள். ஒன்பதும் தடை. காரணம்: ஆபாசம்.

சமையலறைக்குப் போனார். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவள் திரும்பவில்லை. "நீங்க பூட்டினதாச்சே. கேக்கக்கூடாத விஷயம்னு இருந்துட்டேன்."