ஓடி முடித்த அரை மணிநேரம்

அந்த டப்பாவின் மூடியைத் திறந்ததும் வருகிற வனிலா வாசனை, றப்பர் பாலின் புளித்த வாடை நிரந்தரமாகக் குடியிருந்த எங்கள் தோட்டத்து லயத்து ஒற்றை அறைக்குள், கூச்சமில்லாத விருந்தாளியைப்போல நுழைந்து நெடுநேரம் போகாமல் நிற்கும். குவைத்தில் வீட்டு வேலை செய்த அம்மா, ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடுகிற மகளுக்கு உடம்பு தேறட்டும் என்று அனுப்பிய புரத மா அது. நாங்கள் அதற்கு "ஓட்ட மா" என்று பெயர் வைத்திருந்தோம். வெளிநாட்டுச் சாமான் எதுவானாலும் முதலில் சாமிப்படத்துக்கு முன் வைப்பது எங்கள் லயத்து வழக்கம். அப்பா இதையும் அங்கே வைத்தார். பிறகு, டப்பாவின் மேலிருந்த படத்தில் சட்டையில்லாமல் புஜத்தை முறுக்கிக்கொண்டு நின்றவனைப் பார்த்துவிட்டு, அம்மன் முன்னால் நிற்கிற லட்சணமா இது என்று அவனைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தார்.

அது வந்து சேர்ந்ததற்கு என் வாய்தான் காரணம். எங்கள் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு மைதானம் கிடையாது. பின்னேரங்களில் ருவான்வெல்லைப் பக்கத்துச் சிங்களப் பள்ளி ஒன்றின் பிள்ளைகளோடு ஓட எனக்கு அனுமதி கிடைத்திருந்தது. அங்கே பயிற்சி கொடுத்தவரை எல்லோரும் "சேர்" என்றோம். ஓடி முடித்த அரை மணிநேரத்துக்குள் வயிற்றுக்கு ஏதாவது போயாகவேண்டும் என்று அவர் சிங்களத்தில் ஓயாமல் சொல்வார். அந்த அரை மணிநேரத்துக்கென்றே மற்றப் பிள்ளைகளின் அம்மாமார் வேலியோரம் வந்து நின்று, அவித்த முட்டையை உரித்துக் கொடுத்து, கழுத்து வியர்வையைத் துடைத்துவிடுவார்கள். ஒருத்தி மட்டும் போத்தலில் ஏதோ மாவைக் குலுக்கிக் குடிப்பாள். எனக்கு வேண்டியிருந்தது வேலியோரம் ஓர் ஆள். அதைக் கேட்கத் தெரியாமல், போனில் அம்மாவிடம் அந்த மாவைப் பற்றிச் சொல்லிவைத்தேன்.

பால்மா என்றால் கொதிநீரில் கரைத்தே பழகிய அப்பா, இதையும் கொதிக்கக் கொதிக்க ஊற்றிக் கலக்கினார். அசிட் விட்ட றப்பர் பாலைப்போல அது திரண்டு கட்டியாகிவிட்டது. காலமெல்லாம் றப்பர் மரத்தில் பால் வெட்டிய மனிதர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்து, "இத குடிக்க ஏலாது புள்ள, றப்பர் ஷீட்டு அடிக்கத்தான் ஆகும்" என்றார். இருவரும் சிரித்தோம். அம்மா போன பிறகு அந்த அறையில் அப்படிச் சிரித்ததாக எனக்கு வேறு நினைவில்லை.

மறுநாள் டப்பாவைச் சேரிடம் காட்டினேன். ஒட்டியிருந்த எழுத்தையெல்லாம் வாசித்துவிட்டு, இது இரும்பு தூக்குகிற பெரிய ஆட்களுக்கு, வளர்கிற பிள்ளைக்குத் தேவையில்லை; முட்டை, வாழைப்பழம், அவித்த கௌபிப் பயறு, நிறையத் தண்ணீர் போதும் என்றார். போதும்தான், கொண்டுவர ஆள் இருந்தால். அப்பா அந்நேரம் பக்கத்துத் தோட்டத்தில், அன்றன்றே கூலி கொடுக்கும் "கைக்காசு" வேலையில் இருப்பார். விடியலில் நானே அவித்துக் கட்டிய கௌபி பின்னேரத்துக்குள் ஊசிப்போய் நூல் விடும். தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் உட்கார்ந்து, யாரும் பார்த்துவிடக்கூடாதே என்ற பயத்தோடு அதைத் தின்பேன்.

மா வேண்டாமாம் என்று போனில் அம்மாவிடம் சொன்னேன்.

"அப்ப நான் எதத்தான் புள்ள அனுப்புறது?"

"நீங்க வாங்கம்மா."

மாகாணப் போட்டிக்கு எப்படியும் வந்துவிடுவதாகச் சொன்னார். வேலை செய்த வீட்டில் விடவில்லை.

அந்தப் போட்டியில் மூன்றாவதாக வந்தேன். முடிவுக் கோட்டைக் கடந்ததும், அம்மா வரமாட்டார் என்று தெரிந்தும், கண் வேலிப்பக்கம் போனது. சேர் ஒரு வாழைப்பழத்தை என் கையில் வைத்துவிட்டு அடுத்த ஓட்டத்தைக் கவனிக்கப் போனார். அதை உரிக்க மனம் வரவில்லை. அத்தனை சனத்துக்கு நடுவில் அவ்வளவு தனியாக நான் அதற்கு முன் இருந்ததில்லை.

இன்று அதே மாதிரி டப்பாக்கள் ருவான்வெல்லைக் கடைவீதியிலேயே அடுக்கியிருக்கின்றன. மீசை முளைக்காத பையன்கள் வந்து விலை கேட்கிறார்கள். பயிற்சியில்லாத நாட்களில் நான் ஓடிப் பழகிய எங்கள் றப்பர் மலையின் மரங்களைத் தறித்துவிட்டார்கள். அம்மா முழங்கால் வலியோடு ஊர் திரும்பியபோது நான் ஓட்டத்தை விட்டு, ஆடைத் தொழிற்சாலையில் நாள் முழுக்க உட்கார்ந்து தைக்கிறவளாகியிருந்தேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருந்தவர் திடீரென்று கேட்டார்.

"நீ எப்பிடி ஓடுவ புள்ள?"

காட்டுவதற்கு ஒரு படமும் இல்லை; அந்த நாளில் எங்களிடம் படமெடுக்கிற போன் இருக்கவில்லை. வேகமாக ஓடுவேன் என்று மட்டும் சொன்னேன். அம்மா என் கால்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.