சீமையில் ஒரு ரப்பர் இலை

“9 பிப்ரவரி. இங்கே குளிர் தாங்க முடியவில்லை. மரமெல்லாம் இலை கொட்டுகிறது. பிள்ளையை நன்றாகப் படிக்கச் சொல்லவும்.”

ஒரு புகைப்படத்தின் பின்பக்கத்தில் அப்பா நீல மையால் எழுதிய குறிப்பு இது. ஆண்டு போடவில்லை. நான் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்தபோது வந்த படம் என்பதால், ஆண்டைக் கணக்கிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

படத்தில் அப்பா முழங்கால்வரை தொங்கும் சாம்பல் நிறக் கோட்டுடன், கழுத்தில் கம்பளித் துணி சுற்றி, ஒரு மரத்தில் முதுகை ஒட்டவைத்து நிற்கிறார். காலடியில் சிவப்பும் மஞ்சளுமாக இலைகள். தலைக்கு மேல் மொட்டைக் கிளைகள். முகத்தில் சிரிப்பு இல்லை. குளிரில் வாய் விரியாது என்று சித்தப்பா அதற்கு விளக்கம் சொன்னார்.

அப்பா இங்கிலாந்துக்குப் போனது அதற்கு முந்தைய தீபாவளி கழிந்த வாரம். ஏஜென்டு ஒருவன் பழத்தோட்ட வேலை என்று சொல்லி அழைத்துப் போனான். எங்கள் தோட்டம் நெகிரி செம்பிலானில், ரெம்பாவ் பக்கம். பாதி ரப்பரை வெட்டிச் சாய்த்துச் எண்ணெய்ச் செம்பனை நட்டாகிவிட்டது. தொழிலாளர் லயத்தில் ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழுந்துகொண்டிருந்தது. ராசா டவுனில் இருந்த மாமா இரண்டு முறை வந்து கூப்பிட்டார்.

“வாடகை வீடு பாத்து வச்சிருக்கேன். பிள்ளைக்கும் அங்க நல்ல ஸ்கூல் இருக்கு. இந்தக் காட்டுல யாருக்காகக் காவல் இருக்க?”

“அவரு திரும்பி வந்தா எந்த வாசலைத் தேடுவாரு அண்ணே?” என்றாள் அம்மா. இரண்டு முறையும் அதே பதில். அவள் அந்த வீட்டில் இருந்ததற்கு வேறு காரணமே இல்லை. தண்ணீர்கூட ஒழுங்காக வரவில்லை.

அப்பாவின் செய்தியெல்லாம் சித்தப்பா வழியாகத்தான் வரும். அவர் மந்தினில் லோரி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை வருவார், கொஞ்சம் பணமும் நிறையக் கதையும் கொண்டுவருவார். படத்தை ஊருக்கு வந்த ஒரு கூட்டாளி கையில் அண்ணன் கொடுத்தனுப்பியதாகச் சொன்னார். “உங்கப்பன் மூக்கு செவந்து தொரை மாதிரி ஆயிட்டான்லா. இனிமே உன்கூட இங்கிலீஷ்லதான் பேசுவான்” என்று என் தலையில் தட்டினார். அம்மா படத்தைச் சாமி மாடத்தில், முருகனுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள்.

அந்த மாதம் பள்ளியில் உலகின் இயற்கை மண்டலங்கள் என்ற பாடம். வகுப்பின் பின்சுவரில் டீச்சர் பெரிய உலகப்படம் ஒன்றை வரைந்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் படம் கொண்டுவந்து ஒட்டச் சொன்னார். பாலைவனத்துக்கு ஒருவன் காலண்டரில் இருந்து ஒட்டகத்தை வெட்டிவந்தான். பனிப்பிரதேசத்துக்கு ஐஸ்கிரீம் அட்டையில் இருந்த பென்குயின். புல்வெளிக்குப் பால்மாவு டின்னின் பசு. ஆப்பிரிக்காவில் அது மேய்ந்தது. ஒட்டகம் திமிலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் என்றது பாடம். பென்குயின்கள் நெருங்கி நின்று சூடு காக்கும். குளிர்நாட்டு மரங்கள் கடுமையான காலம் வருமுன் இலையை உதிர்த்துவிட்டுத் தம்மைக் காத்துக்கொள்ளும். வெப்பமண்டல மழைக்காட்டு மரங்களோ ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும்.

கடைசி வரியை டீச்சர் வாசித்தபோது சன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்கள் சிவந்து உதிர்ந்துகொண்டிருந்தன. ஆண்டுத் தொடக்கத்தின் வறட்சியில் அவை உதிர்வது வழக்கம். “நம்ம மரம் மட்டும் ஏன் டீச்சர் கொட்டுது?” என்று ஒருவன் கேட்டான். “அது பரீட்சைக்கு வராது” என்றார் டீச்சர்.

இலையுதிர் காட்டுக்கு மட்டும் யாரிடமும் படம் இல்லை. மறுநாள் அம்மாவிடம் சொல்லாமல் அப்பாவை மாடத்திலிருந்து எடுத்துப் போனேன்.

வகுப்பே என் மேசையைச் சுற்றி நின்றது. “மூக்கு ஒழுகினா ஐஸ்கட்டியாவே விழும்லா?” என்று கேட்டான் ஒட்டகக்காரன். படத்தின் கீழ் ஓரத்தில், இலைகள்மேல் விழுந்திருந்த நிழலைக் காட்டி, “இது யாரு?” என்றாள் பக்கத்து இருக்கைக்காரி. படம் எடுத்த வெள்ளைக்காரத் துரைசானி என்றேன். யாரும் மறுக்கவில்லை. அப்போதுதான் அப்பாவின் தோளில் ஒட்டியிருந்த இலையை நான் கவனித்தேன். ஒரே காம்பில் மூன்று இலை. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“டீச்சர், இங்கிலாந்துலயும் ரப்பர் இருக்கு!”

“அந்தக் குளிர்ல ரப்பர் வளராது. உக்காரு.”

“இல்ல டீச்சர், குளிருக்குப் பழகிக்கிச்சு. பாருங்க.”

டீச்சர் பூதக்கண்ணாடியை எடுத்து வந்து பார்த்தார். இலையைப் பார்த்தார். அப்பா சாய்ந்திருந்த மரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டு, “இது வேற ஏதோ மரம்மா. சுவத்துல ஒட்ட வேணாம். பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோ” என்றார். நான் தோற்றதாக வகுப்பு முடிவு செய்தது. “உங்கப்பாவும் அங்க பால் மரம்தான் வெட்டுறாரு” என்று ஒட்டகக்காரன் சிரித்தான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. டீச்சருக்குத் தெரியாவிட்டால் அம்மாவுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே ரப்பர் மரத்தில் பட்டை சீவிப் பால் வெட்டுகிறவள். வீட்டுக்கு ஓடினேன். அம்மா வாசலில் குவிந்திருந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இது ரப்பர் இலைதானே? டீச்சர் இல்லங்கிறாங்க.”

படத்தை எடுத்துப் போனதற்கு அடி விழும் என்று நினைத்தேன். அம்மா அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. படத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பிடித்தாள். நாளெல்லாம் அந்த இலைகளைக் கூட்டித் தள்ளியவள், அந்தப் படத்தில் அதுவரை முகத்தை மட்டுமே பார்த்திருக்கிறாள்.

“ஆமா. ரப்பர்தான்” என்றாள் கடைசியில்.

நான் குதித்தேன். மரங்கள் சூழலுக்கு ஏற்ப எப்படித் தம்மை மாற்றிக்கொள்கின்றன என்று படித்ததை எல்லாம் ஒப்பித்தேன். கஷ்ட காலத்தில் இலையை உதிர்த்துவிட்டால் மரம் பிழைத்துக்கொள்ளும் என்றேன்.

“உதிந்த இலைக்கு என்னா ஆகும்னு உன் புத்தகத்துல போட்டிருக்காடி?”

போட்டிருக்கவில்லை. அதையும் நேர்மையாகச் சொன்னேன். அம்மா குவித்து வைத்த இலைகளுக்குத் தீ மூட்டினாள். படத்தை அதில் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தார். அம்மா கோப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு, படத்தை அவர் முன்னால் வைத்தாள்.

“தம்பி, சீமையில எந்த ரப்பர் காடு இது?”

சித்தப்பா சிரிக்கப் பார்த்தார். “என்னா அண்ணி...”

“மரத்தோட வெட்டுப் பட்டையைத் தன் முதுகால மறைச்சிருக்காரு உங்க அண்ணன். தோள்ல விழுந்ததைத் தட்டிவிட மறந்துட்டாரு. கோட்டு யாரு வாங்கிக் கொடுத்தது? நீங்களா?”

“அண்ணன் சொன்னதை நான் செஞ்சேன் அண்ணி. வேற ஒண்ணும் எனக்குத் தெரியாது.”

“எங்க இருக்காரு?”

 சித்தப்பா கோப்பியைத் தொடாமலே எழுந்து போனார். அதன் பிறகு எந்த ஞாயிற்றுக்கிழமையும் அவர் வரவில்லை. சித்தப்பாவுக்கு ரப்பரைப் பற்றி என்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மா சொல்லியனுப்ப, அடுத்த வாரமே மாமா லோரியோடு வந்தார். அப்பா திரும்பி வந்து பூட்டிய வீட்டைப் பார்த்தால் என்ன செய்வார் என்ற கவலை எனக்கு. பாத்திரங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது அடுப்புக்கரியால் கதவில் எழுதினேன்: “அப்பா, நாங்கள் ராசாவில் மாமா வீட்டுப் பக்கத்தில் இருக்கிறோம்.” கொட்டை எழுத்தில், பிழையில்லாமல். அம்மா வந்து படித்தாள். அழிக்கவில்லை. “ஏறு” என்று மட்டும் சொன்னாள். நான் செய்தது நல்ல காரியம் என்பதால்தான் அழிக்காமல் விட்டாள் என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். அந்தக் கதவைத் தேடி யாரும் வரப்போவதில்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது.

அம்மா இறந்த பிறகு படம் என்னிடம் வந்தது. தேதியை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். பிப்ரவரியில் இங்கிலாந்து மரங்களில் கொட்டுவதற்கு இலை இருக்காது, நவம்பரோடு முடிந்துவிடும். பிப்ரவரியில் கொட்டுவது நெகிரி செம்பிலான் ரப்பர். அப்பா தேதியில் பொய் சொல்லவில்லை.

விசாரித்த அளவில் கிடைத்தவை ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அவர் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டு, வெட்கத்தால் வீடு வராமல் போனார் என்கிறார் ஒருவர். பயணமே கிளம்பவில்லை என்கிறார் இன்னொருவர். ஏஜென்டின் பெயர்கூட யாருக்கும் நினைவில்லை.

படத்தின் கீழ் ஓரத்து நிழலைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை உதிர்ந்த மரங்களுக்கடியில் வெயில் தடையில்லாமல் இறங்கும். அதனால் நிழல் தெளிவாகவே விழுந்திருக்கிறது. சேலை கட்டிய உருவம். துரைசானி இல்லை. இடுப்பின் இடப்பக்கம் ஏதோ ஒன்று ஒட்டியிருக்கிறது. தோளில் மாட்டிய பையாக இருக்கலாம். இடுப்பில் வைத்த குழந்தையாகவும் இருக்கலாம். எது என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.