நோரிஸ் பிளாக்கெட்டின் மூக்கு

நோரிஸ் பிளாக்கெட் முப்பத்தொரு வருஷம் விட்பி ஊரில் ஒரு சின்ன பீர் ஆலையில் வேலை பார்த்தவர். அந்த ஆலையின் ஏல் என்ற பீர் வகை, பப் எனும் மதுக்கடையின் நிலவறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் பீப்பாய்க்குள் உயிரோடு நுரைத்துக்கொண்டிருக்கும். அது பதமாக இருக்கிறதா, கெட்டுப்போய்விட்டதா என்று கடற்கரை ஊர்களுக்கெல்லாம் போய் முகர்ந்து, ஒரு வாய் குடித்துச் சொல்வதுதான் அவர் வேலை. பீப்பாயை எந்தக் கிழமை திறந்தார்கள் என்றுகூடச் சொல்லிவிடுவார். ஓய்வு பெற்று ஏழு வருஷமாகியும், சந்தேகம் வந்தால் பப் நடத்துகிறவர்கள் அவரைத்தான் கேட்பார்கள்.

போன பிப்ரவரியில் பத்து நாள் காய்ச்சலில் கிடந்தார். காய்ச்சல் விட்டது, வாசனை திரும்பவில்லை. அடுப்படியில் ரொட்டி கருகிப் புகை மண்டியிருக்க, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மாடியிலிருந்து ஓடி வந்த மனைவி கானிக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர்.

"க்ளெம்கிட்டயாவது சொல்லிடுங்க," என்றாள் கானி.

"சொல்றேன், சொல்றேன்."

ஜூன் வரைக்கும் சொல்லவில்லை.

வருஷாவருஷம் ஜூன் முதல் சனிக்கிழமை அவரும் நண்பர் க்ளெம் கார்பட்டும் பஸ் ஏறி, கடலை ஒட்டிய நாலு பப்புகளுக்குப் போவார்கள். இருபத்திரண்டு வருஷப் பழக்கம். க்ளெம் பள்ளிக்கூடத்தில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். நோரிஸ் வாய் திறக்கும்வரை எந்த ஏலைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

முதல் பப்பில் நோரிஸ் ஞாபகத்திலிருந்து எடுத்துவிட்டார். "ஆரஞ்சுத் தோலு. அப்புறம் லேசா வெட்டின புல்லு."

"அதேதான்," என்றார் க்ளெம், சப்புக்கொட்டி.

இரண்டாவதிலும் அப்படியே சமாளித்தாயிற்று. பகல் பன்னிரண்டரைக்கு ஸ்டெய்த்ஸ் ஊரின் செங்குத்தான சரிவில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கி, ஜூடித் வெரிலின் பப்புக்கு வந்தார்கள். நாலு வருஷமாக அதைத் தனியாளாக நடத்துகிறவள் ஜூடித். மூக்கு சிவந்து, கண்ணில் நீர் வழியத் தும்மிக்கொண்டிருந்தாள்.

"நல்ல நேரத்துல வந்தீங்க. பூ மகரந்தம் ஒத்துக்காம எனக்கு ஓயாத தும்மல். ஒரு வாசனையும் தெரியல. காலையில திறந்த பீப்பாய் மேல எனக்குச் சந்தேகம். ஒரு மணிக்குப் பாட்டுக் கோஷ்டி நாப்பது பேர் சாப்பிட வராங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டா ஊத்திடுவேன்."

கைப்பம்பால் இரண்டு கோப்பைகளில் இறைத்து வைத்தாள். நோரிஸ் தன் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். செம்பு நிறம், நல்ல தெளிவு. நுரையும் கண்ணாடியில் அழகாக ஒட்டி நின்றது. ஒரு வாய் குடித்தார். கசப்பு, துளி இனிப்பு, குளிர்ச்சி. அவ்வளவுதான் நாக்குக்குத் தெரிந்தது.

"நல்லாருக்கு ஜூடித். பிஸ்கட் வாசனை. பின்னாடி கொஞ்சம் தேன்."

அவள் பெருமூச்சு விட்டுக் கோப்பைகளை வரிசையாக அடுக்கப் போனாள். க்ளெம் ஒரு வாய் குடித்தார். நிறுத்தினார். நோரிஸைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார்.

"பிஸ்கட்டு," என்றார் மெதுவாக. "ஆமா. இருக்கு."

மூன்றாவது வாயை விளக்கெண்ணெய் விழுங்குவதுபோல விழுங்கினார். கோப்பை பாதிக்கு வந்துவிட்டது.

"என்னடா?" என்றார் நோரிஸ்.

"ஒண்ணுமில்ல. உனக்குத் தெரியாததா."

நோரிஸ் க்ளெமின் முகத்தையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியே சரிவில் பேச்சும் சிரிப்புமாகக் கூட்டம் இறங்கி வருவது கேட்டது. ஜூடித் பம்பின் பிடியில் கை வைத்தாள்.

"நிறுத்தும்மா," என்று எழுந்தார் நோரிஸ். "என் பேச்சை நம்பாத. பிப்ரவரியிலேருந்து எனக்கு வாசனையே கிடையாது. இன்னைக்கு நான் சொன்னதெல்லாம் புளுகு. க்ளெம், நீ சொல்லு. எப்படியிருக்கு?"

க்ளெம் கோப்பையைக் கீழே வைத்தார். "முட்டைக்கோஸ் வெந்த தண்ணி. திங்கக்கிழமை ஸ்கூல் சமையல்கட்டுல அடிக்குமே, அதே நாத்தம்."

"அப்புறம் ஏண்டா பாதியைக் குடிச்ச?"

"நீ பிஸ்கட்டுன்னியே."

ஜூடித் சிரிக்கவில்லை. "நாப்பது பேருக்கு ஊத்தியிருப்பேன், நோரிஸ்," என்று மட்டும் சொல்லிவிட்டு வேறொரு பீப்பாயைத் திறக்க நிலவறைக்கு இறங்கினாள். திரும்பி வந்தபோது இரண்டு நண்டு சாண்ட்விச்சைக் காகிதத்தில் சுற்றி நோரிஸ் கையில் வைத்தாள்.

துறைமுகச் சுவரில் உட்கார்ந்து அதைத் தின்றார்கள். க்ளெம் படகுகளைப் பார்த்தபடியே கேட்டார்.

"எனக்கு ஆபரேஷன்னு டாக்டர் சொன்னப்போ யார்கிட்ட முதல்ல வந்தேன்? பொண்டாட்டிகிட்டயா?"

"எங்கிட்ட."

"ம்."

"சொன்னா இந்த ஒரு நாளும் போயிடும்னு நினைச்சேன், க்ளெம். மூக்கு இல்லாதவனைக் கூட்டிக்கிட்டு யாரு பப் பப்பா சுத்துவா?"

"நான் என்ன ஏலுக்காகவா வரேன்?" என்றார் க்ளெம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, ஏலுக்காகவும்தான்," என்றார்.

நாலாவது பப் சால்ட்பர்னில். கறுப்பு ஏல் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். நோரிஸ் தன் கோப்பையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"நீ சொல்லு."

க்ளெம் குடித்துப் பார்த்தார். "பீர் மாதிரி இருக்கு."

"இருபத்திரண்டு வருஷமா பக்கத்துல உக்காந்து இதைத்தான் கத்துக்கிட்டியா? கண்ணை மூடு. எது ஞாபகம் வருது?"

க்ளெம் கண்ணை மூடினார். பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"எங்க அத்தை வீட்டு அலமாரி. கிறிஸ்துமஸ் கேக்குக்கு உலர்ந்த திராட்சை வச்சிருப்பா. கதவைத் திறந்தா ஒரு மணம் வருமே."

"அது சரி. அப்புறம்?"

"ரோடு போடுறப்போ வர்ற தாரு. தப்பா?"

"தப்பில்லடா. நல்லா வறுத்த பார்லி அப்படித்தான் இருக்கும்," என்ற நோரிஸ் இப்போதுதான் கோப்பையை எடுத்தார். நாக்கில் கசப்பும் குளிர்ச்சியும்தான். திராட்சை வரவில்லை, வரும் என்று எதிர்பார்க்கவும் இல்லை. ஆனால் காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியிருந்தது. நிதானமாகக் குடித்தார்.

"இன்னும் என்ன இருக்கு?"

"இரு, அவசரப்படுத்தாத," என்று க்ளெம் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு இந்த வேலை பிடித்துப்போயிற்று. அவர்கள் ஊர் திரும்ப வேண்டிய ஐந்து மணி பஸ் ஜன்னலைத் தாண்டிப் போனதை நோரிஸ் பார்த்தார், சொல்லவில்லை.