சிவகிரிக்குப் போன களாக்காய்

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி, செங்கல் சூளை, ஓட்டல் என்று சுற்றி, எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலில் தறிக்கு வந்தேன். அதிலும் ஒட்டவில்லை, துணி மூட்டையோடு ஊர் ஊராகப் போய் விற்றேன். வாடகை வீட்டு வாசலில் செடி வளர்க்கத் தண்ணீர் ஏது? மேலநீலிதநல்லூர் ஓடைக்கரையில் பிடுங்கிய களாக்கன்று ஒன்றை நட்டேன். அரிசி கழுவிய தண்ணீரிலேயே அது புதராகிவிட்டது. பூத்தால் மல்லிகை மாதிரி தெருவே மணக்கும்.

வீட்டுக்காரம்மாவுக்கு முள்தான் கண்ணில் பட்டது.

"முள்ளுச்செடி வீட்டுல நின்னா சண்டைதான் வரும். வெட்டிப் போடு தம்பி."

"சண்டை போட இவரு என்னைக்கு வீட்டுல இருந்தாரு, யக்கா?" என்றாள் என் மனைவி.

அவளுக்கு அப்போது மசக்கை. களாக்காயைத் தொட்டுக்கொண்டால்தான் கஞ்சியாவது இறங்கும். காய் முடியும்வரை தவணை கேட்டாள். நடக்கவில்லை. வீட்டுக்காரம்மாவின் மகளைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை சிவகிரியிலிருந்து வருகிறார்களாம், அதற்குள் வாசலில் முள் இருக்கக் கூடாதாம்.

நல்ல நேரம் பார்த்து அவர்கள் வியாழக்கிழமையே வந்துவிட்டார்கள். நான் அரிவாளோடு குனிந்திருந்தேன். மாப்பிள்ளையின் அம்மா சேலை முள்ளில் மாட்டியது. வீட்டுக்காரம்மா முகம் செத்துவிட்டது. அந்த அம்மாவோ சேலையை விட்டுவிட்டுக் காயைப் பறித்துக் கடித்தாள்.

"மதினி, களாக்காய்லா! ஊறுகாய்க்கு ஒரு மடி தாங்க."

"எல்லாம் உங்களுக்குத்தான் மதினி. நான்தான் தண்ணி ஊத்தி வளக்கேன்" என்றாள் வீட்டுக்காரம்மா.

கல்யாணம் பேசி முடித்தார்கள். செடி பிழைத்தது. ஆனால் காய்க்குக் காவல் வந்துவிட்டது. சிவகிரி பஸ்ஸில் பை பையாகப் போனது. என் மனைவி வெறும் கஞ்சியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொம்பில் மாட்டிய சட்டை போல ரவிக்கை தொங்கியது.

ஒருநாள் எழுந்து போய் வீட்டுக்காரம்மா முன்னால் நின்றாள்.

"யக்கா, நாளைக்கு ஒங்க மகளும் சிவகிரில வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடப்பா. அப்ப அவ கேட்டத பக்கத்து வீட்டுக்காரி பூட்டி வச்சா ஒங்களுக்கு எப்படி இருக்கும்?"

வீட்டுக்காரம்மா உள்ளே போனாள். பஸ்ஸுக்குக் கட்டி வைத்திருந்த பையை எடுத்துவந்து எங்கள் முறத்தில் கவிழ்த்தாள். காயைக் கீறி உப்புத் தண்ணீரில் போட நான் உட்கார்ந்தேன். காயின் பால் பட்டு விரலெல்லாம் பிசுபிசுத்தது. ஊறும்வரை என் மனைவி பொறுக்கவில்லை. பச்சைக் காயைக் கடித்துக்கொண்டே கஞ்சியைக் குடித்து முடித்து, இன்னொரு கிண்ணம் கேட்டாள்.